சீட்டுக்குள் இருக்கும் சாமி: கிளி ஜோசியம், டாரட், தில்லைக் கூத்தன்

2024 ஏப்ரல் மாதம் நாடாளுமன்றத் தேர்தல் சூடு பிடித்திருந்த நேரம். கடலூர் தொகுதியில் பா.ம.க. வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான், தென்னம்பாக்கம் அழகுமுத்து அய்யனார் கோயில் பக்கம் பிரசாரத்துக்குப் போனார். அங்கே ஒரு கிளி ஜோசியர். கிளி கூண்டை விட்டு வெளியே வந்தது, அடுக்கிலிருந்து ஒரு சீட்டைக் கொத்தி எடுத்துக் கொடுத்தது, மறுபடியும் கூண்டுக்குள் போய்விட்டது. சீட்டில் சாமி படம். ஜெயம் நிச்சயம் என்றார் ஜோசியர். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. உடனே வனத்துறை வந்தது. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று ஜோசியரைப் பிடித்தார்கள், கிளிகளை எடுத்துக்கொண்டார்கள், பிறகு அவரை விட்டுவிட்டார்கள். ஜூன் 4-ஆம் தேதி முடிவு வந்தபோது காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத் ஜெயித்திருந்தார். தங்கர் பச்சானுக்கு மூன்றாவது இடம்.

அந்த ஒரு வாரம் எல்லோரும் கிளியைப் பற்றியே பேசினார்கள். ஏழை ஜோசியர் மீது மட்டும் சட்டம் பாய்வது நியாயமா என்று ஒரு பக்கம், கிளிக்கு இறக்கையை வெட்டுவது நியாயமா என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் சீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அட்டையில் ஒரு சாமி படம் வந்தால் "நல்லது நடக்கும்" என்று எப்படி ஆனது? அந்தப் படத்துக்கு அந்தப் பலனை முதலில் சொன்னது யார்? எப்போது?

கிளி ஜோசியக் கட்டில் பொதுவாக 27 சீட்டுகள் இருக்கும், நட்சத்திரக் கணக்குப்படி. பிள்ளையார், முருகன், மாரியம்மன் எல்லாம் உண்டு. சில கட்டுகளில் மாதாவும் புத்தரும் கூட இருப்பார்கள். எந்தப் படத்துக்கு என்ன பலன் என்பது ஜோசியருக்கு மனப்பாடம். அவருக்கு அவருடைய அப்பாவோ மாமாவோ சொல்லிக் கொடுத்திருப்பார். அதற்கு மேல் நூல் பிடித்துப் போக வழியில்லை. ரோட்டோரத் தொழிலுக்கு யார் ஆவணம் எழுதி வைத்தார்கள்?

ஆனால் இதே கேள்வியை ஐரோப்பாவின் டாரட் சீட்டுகளிடம் கேட்டால் பதில் கிடைக்கிறது. தேதியோடு, பெயரோடு கிடைக்கிறது. டாரட்டை நம்பாதவர்கள் கூட டாரட் படங்களை விழுந்து விழுந்து படிப்பதற்கு இதுதான் காரணம். ஒரு படத்துக்கு ஒரு அர்த்தம் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது ரொம்ப அபூர்வம்.

கதை இதுதான். 1440-களில் வட இத்தாலியில் டாரட் கட்டு பற்றிய முதல் குறிப்புகள் வருகின்றன. அது ஒரு சீட்டாட்டம், அவ்வளவுதான். மொத்தம் 78 சீட்டு. 56 சீட்டுகள் நம் ஊர் ரம்மி கட்டு மாதிரி நான்கு இனம். மீதி 22-ம் படம் போட்டவை: பேரரசன், பேரரசி, காதலர், சாவு, சக்கரம், நிலா, சூரியன், கோமாளி இப்படி. இவை துருப்புச் சீட்டுகள். பணக்காரர்கள் தங்கத் தகடு ஒட்டிய கட்டுகளை ஓவியரிடம் சொல்லிச் செய்துகொண்டார்கள். மிலான் நகர விஸ்கோந்தி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகச் செய்த கட்டு இன்னும் பெருமளவு இருக்கிறது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பாவில் பெரும்பாலும் இதை வைத்து விளையாடினார்கள், தோற்றார்கள், காசு விட்டார்கள்.

அப்புறம் 1781. பாரிஸில் அந்துவான் கூர் த ஜெபெலின் என்கிற அறிஞர் ஒரு வீட்டில் பெண்கள் டாரட் ஆடுவதைப் பார்த்தார். பார்த்த கால் மணி நேரத்துக்குள், இது ஆட்டமே இல்லை, பழைய எகிப்தியப் பூசாரிகள் தங்கள் ஞானத்தையெல்லாம் ஒளித்து வைத்த புத்தகம் என்று கண்டுபிடித்துவிட்டாராம். அவரே இப்படித்தான் எழுதுகிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. ஷாம்போலியோன் அதை உடைத்துப் படித்தது 1822-ல்தான். எகிப்து பேச ஆரம்பித்த பிறகு பார்த்தால் அங்கே டாரட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் நாற்பது வருஷம் ஓடிவிட்டது. எத்தேய்யா என்ற புனைபெயர்க்காரர் 1785 முதல் டாரட்டில் குறி சொல்லப் புத்தகம் போட்டார். 1850-களில் எலிஃபாஸ் லெவி 22 படங்களையும் ஹீப்ரு மொழியின் 22 எழுத்தோடு கோத்தார். எண் ஒத்துப்போனால் போதும், மனிதன் கோத்துவிடுவான்!

இன்று யூடியூபில் தமிழில் டாரட் சொல்பவர்களின் மேஜையில் இருப்பது பெரும்பாலும் 1909 டிசம்பரில் லண்டனில் வெளியான கட்டு, அல்லது அதன் பிள்ளை பேரன்கள். பொருள் சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். படம் போட்டவர் பமீலா கோல்மன் ஸ்மித். அதற்கு முன் சாதாரண சீட்டுகளில் ஐந்து வாள், எட்டுக் கோப்பை என்று எண்ணிக்கை மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். ஸ்மித் அந்த 56-லும் மனிதர்களை, வீடுகளை, அழுகையை, படகை வரைந்தார். மக்கள் மனதில் பதிந்தது அவருடைய படங்கள்தான். வேலை பெரிசு, காசு கொஞ்சம் என்று அந்த வருஷம் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1951-ல் வறுமையில் இறந்தார். கட்டின் பெயரில் ரொம்ப காலம் அவர் பெயர் இல்லை. பதிப்பாளர் ரைடர் பெயரும் வெயிட் பெயரும்தான்.

ஒரே ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாவது சீட்டு, தொங்கும் மனிதன். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். இன்றைய டாரட் புத்தகங்களில் இதன் பொருள்: காத்திருத்தல், ஒப்புக்கொடுத்தல், உலகத்தை வேறு கோணத்தில் பார்த்தல். வெயிட் சொன்னபடி ஸ்மித் அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டார், முகத்தில் வேதனையே இல்லை. ஆனால் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியன் ஒருவனிடம் இந்தப் படத்தைக் காட்டினால் ஒரே சொல்தான் சொல்லியிருப்பான்: துரோகி. அன்றைய இத்தாலியில் அரசைக் காட்டிக் கொடுத்தவனையும் கடனைக் கட்டாமல் ஓடிப்போனவனையும் தலைகீழாகத் தொங்குவதுபோல் ஊர்ச் சுவரில் வரைந்து மானத்தை வாங்குவது வழக்கம். இந்த மாதிரி அவமானப் படம் வரைகிற வேலை 1478-ல் ஃபிளாரன்ஸில் போத்திசெல்லிக்கே வந்தது. ஸ்ஃபோர்சா குடும்பத்தின் மூத்தவர் முத்ஸியோ அத்தெந்தோலோவையே போப் ஒருவர் 1412-ல் இப்படி ரோம் நகர வாசல்களில் வரைய வைத்தார். அவர் மகனின் குடும்பத்துச் சீட்டுக்கட்டிலும் அதே மாதிரி ஓர் ஆள் தொங்குகிறான்... அதை வைத்துக்கொண்டு சீட்டாடியபோது அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்!

படம் அதேதான். கால் அதே கயிற்றில்தான். துரோகி ஞானி ஆகிவிட்டான். இந்த ஒரு சீட்டின் ருசிக்காகவே டாரட் வரலாற்றைப் படிக்கலாம். மைக்கேல் டம்மட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர், தர்க்கவியலில் பெரிய பெயர், பல வருஷம் செலவழித்து 1980-ல் டாரட் ஆட்டத்தின் வரலாற்றைத் தடிமனான புத்தகமாகப் போட்டார். குறி சொல்வதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. 18-ஆம் நூற்றாண்டு வரை இது வெறும் ஆட்டம் என்று நிறுவியதில் அவர் பங்கு பெரிது. அவருக்குக் கோபமெல்லாம், ஒரு அருமையான ஆட்டத்தை மந்திரக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே என்பதுதான். (நம் பரமபதம் இதற்கு நேர் எதிர். பாவ புண்ணியம் சொல்லித்தர வரைந்த கட்டம், இன்றைக்குக் குழந்தைகள் பாம்பு கடித்தால் கத்துகிற விளையாட்டு.)

சரி, இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ்நாட்டில் எதைப் பார்க்கலாம்? படம் ஒன்று வேண்டும். அதற்கு உறுப்பு உறுப்பாகப் பொருள் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர் பெயரும் காலமும் ஓரளவாவது தெரிய வேண்டும். வெகுதூரம் போக வேண்டாம். தென்னம்பாக்கத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் சிதம்பரம்.

நடராஜர் சிலையை விளக்கச் சொன்னால் பள்ளிக்கூடப் பையன் கூடச் சொல்வான். உடுக்கை என்றால் படைத்தல். காட்டிய கை காத்தல். நெருப்பு அழித்தல். ஊன்றிய கால் மறைத்தல். தூக்கிய கால் அருளல். காலடியில் முயலகன், அவன் ஆணவம் அல்லது அறியாமை. இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? "காலங்காலமாக" என்பது பதில் இல்லை. உண்மையான பதில் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது: திருவதிகை.

கடலூரிலிருந்து பண்ருட்டிக்கு சுமார் 25 கிலோமீட்டர். பண்ருட்டியை ஒட்டினாற்போல் கெடிலக் கரையில் திருவதிகை. அந்த ஊர் மனவாசகம் கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் என்ற சின்ன நூலில் இந்த ஐந்தும் ஒரே வெண்பாவில் வரிசையாக இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டு. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்று. சீடன் கேட்கிறான், குரு மெய்கண்டார் பதில் சொல்கிறார், நூல் முழுக்க அப்படித்தான் போகிறது. மொத்தமே ஐம்பத்துச் சொச்சம் வெண்பா. அரை மணி நேரத்தில் வாசித்துவிடலாம், புரிந்துகொள்ள அரை ஆயுள் ஆகும் என்பது வேறு விஷயம்.

இதோடு நிற்கவில்லை. அதே நூலில் அந்த உருவத்தின் மேலேயே ஐந்தெழுத்தையும் வைக்கிறார். ஒரு பாட்டில் திருவடி ந, உந்தி ம, தோள் சி, முகம் வா, முடி ய. இன்னொரு பாட்டில் உடுக்கைக் கை சி, வீசிய கை வ, அபயக் கை ய, நெருப்பு ஏந்திய கை ந, காலடியில் கிடக்கும் முயலகன் ம. ஒரே உருவம், ஒரே ஆசிரியர், ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்பு. இது முரண்பாடு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எலிஃபாஸ் லெவி சீட்டுகளின் மேல் எழுத்தை ஏற்றியதற்கு அறுநூறு வருஷம் முன்னால் திருவதிகையில் ஒருவர் ஆடும் உடம்பின் மேல் எழுத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. எழுத்தும் படமும் கையில் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆசை எந்த ஊரிலும் வரும் போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்த வட்டாரமே அப்படி ஒரு வட்டாரம். மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூர். அவருடைய சீடர் அருணந்தி சிவாச்சாரியார் திருத்துறையூர். அவருக்குப் பின் மறைஞான சம்பந்தர், பெண்ணாடம். அவருக்குச் சீடர் சிதம்பரம் உமாபதி சிவாச்சாரியார். சைவ சித்தாந்தத்தின் சந்தானக் குரவர் நால்வரும் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குள் அடக்கம் (1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது திருவெண்ணெய்நல்லூர் அந்தப் பக்கம் போய்விட்டது). உமாபதி தன் நூல்களில் ஒன்றான சங்கற்ப நிராகரணத்தில் சக ஆண்டையே குறித்து வைத்திருக்கிறார், 1235. நம் கணக்கில் 1313. பழைய தமிழ் நூலில் ஆசிரியரே தேதி போட்டிருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று தமிழ் இலக்கிய வரலாறு படிக்கிற மாணவர்களுக்குத் தெரியும்.

உமாபதியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவர் தில்லைவாழ் அந்தணர்களில் ஒருவர். பூசை முடித்துப் பட்டப்பகலில் பல்லக்கில், தீவட்டி மரியாதையோடு வீதியில் போகிறார். திண்ணையில் இருந்த மறைஞான சம்பந்தர், செத்த மரத்தின் மேல் பகலில் கண் தெரியாதவன் போகிறான் என்று சொன்னாராம். பல்லக்கு என்றால் வெட்டிய மரம்தானே! பகலில் விளக்கு யாருக்கு வேண்டும்? உமாபதி அந்த இடத்திலேயே இறங்கி அவர் காலில் விழுந்தார். அதற்காகத் தில்லை அந்தணர்கள் அவரை ஒதுக்க, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய்க் குடியிருந்தார். கதை நடந்ததோ இல்லையோ, குறியீட்டை வாசிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஊரே மரியாதைச் சின்னம் என்று பார்த்ததை ஒருவர் மரக்கட்டை என்று பார்த்தார்.

இப்போது தேதிகளை அடுக்கிப் பார்ப்போம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. நெருப்பு வளையத்துக்குள் காலைத் தூக்கி ஆடும் செம்பு நடராஜர் சோழ நாட்டில் 10-ஆம் நூற்றாண்டில் பரவலாகிறார். செம்பியன் மாதேவி தான் கட்டிய கற்கோயில்களின் தெற்குச் சுவரில் ஆடவல்லானுக்கு ஓர் இடம் ஒதுக்கினார். செம்பு வடிவத்தின் வேர் பல்லவர் காலத்திலேயே இருந்தது என்று ஷாரதா சீனிவாசன் 2004-ல் எழுதினார். எப்படிப் பார்த்தாலும் உண்மை விளக்கம் வருவதற்குக் குறைந்தது முந்நூறு வருஷம் முன்பே சிலை இருக்கிறது. அப்படியானால், சிலையை வார்த்த ஸ்தபதிக்கு இந்த ஐந்தொழில் அட்டவணை தெரியுமா? 1999-ல் பத்மா கைமல் என்ற கலை வரலாற்றாளர் இதைத்தான் கேட்டார். 13-ஆம் நூற்றாண்டு விளக்கத்தை எடுத்து 10-ஆம் நூற்றாண்டுச் சிலையின் வாயில் திணிக்கலாமா என்றார். சோழர்களுக்கு அது சுடுகாட்டில் ஆடும் அழிவின் கடவுளாகவும், தங்கள் அரசின் அடையாளமாகவும் இருந்திருக்கலாம் என்பது அவர் கட்சி.

கேட்டவுடன் டாரட் கதை மாதிரியே இருக்கிறது இல்லையா? படம் முதலில், பொருள் பிறகு. அவசரப்பட வேண்டாம். திருமந்திரத்திலும் உடுக்கை படைப்பு, நெருப்பு அழிப்பு என்று கிட்டத்தட்ட இதே பட்டியல் ஒரு பாட்டில் இருக்கிறது. திருமூலர் காலம்? 6-ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு, 11, 12 வரை இறக்குபவர்களும் உண்டு. முன்னால் வைத்தால் சிலைக்கு முன்பே பொருள் இருந்தது, ஸ்தபதி அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் மெழுகைப் பிடித்தார் என்றாகும். பின்னால் வைத்தால் கைமல் சொல்வது வலுக்கும். ஒரு நூலின் காலத்தைத் தள்ளி வைத்தால் ஒரு சிலையின் அர்த்தமே மாறுகிறது! டாரட் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. தில்லை வழக்கு இன்னும் நடக்கிறது. தமிழ் படிக்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் சுவாரசியமான வழக்கு. வழக்காடத் தேவையான சாட்சிகள் எல்லாம் அவர்களுடைய மொழியில் இருக்கின்றன.

தேதி பார்ப்பது பக்திக்கு ஆகாது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் அப்பரை ஒருமுறை திரும்பிப் படிக்கலாம். அவர் 7-ஆம் நூற்றாண்டு. பிறந்தது திருவாமூர், அதுவும் பண்ருட்டிப் பக்கம்தான். சூலை நோய் தீர்ந்ததும் அதே திருவதிகையில்தான். தில்லைக் கூத்தனைப் பார்த்து அவர் பாடும்போது உடுக்கைக்கு இது, நெருப்புக்கு அது என்று பிரித்துக் கணக்கு சொல்வதில்லை. வளைந்த புருவம், உதட்டில் சிரிப்பு, ஈரச் சடை, பவள உடம்பில் வெண்ணீறு, தூக்கிய பாதம். இதைக் காண முடியும் என்றால் மனிதப் பிறவியும் வேண்டியதுதான் என்று முடிக்கிறார். அவருக்கு அர்த்தம் தேவைப்படவில்லை, பார்த்தாலே போதும். 1913-ல் பிரெஞ்சுச் சிற்பி ரோடான் நடராஜர் சிலைகளின் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு எழுதிய குறிப்புகளும் இப்படித்தான்: வாய், தோள், கால், செம்பின் மேல் விழும் ஒளி. சித்தாந்தம் ஒரு வரி தெரியாது அவருக்கு. அப்பருக்கும் ரோடானுக்கும் நடுவில் ஆயிரத்து இருநூறு வருஷம், ஏழு கடல். இரண்டு பேரும் பார்த்தது ஒரே மாதிரி.

ரோடான் எழுதியதற்கு முந்தைய வருஷம்தான் பெரிய திருப்பம். யாழ்ப்பாணத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1912-ல் "சிவ நடனம்" பற்றிய தன் ஆங்கிலக் கட்டுரையை வெளியிட்டார். எந்தப் பத்திரிகையில்? லண்டனிலோ பாரிஸிலோ இல்லை. ஜே.எம். நல்லசுவாமிப் பிள்ளை நடத்திய சித்தாந்த தீபிகை என்கிற சென்னைச் சைவப் பத்திரிகையில். அந்தக் கட்டுரையின் நடு எலும்பே உண்மை விளக்கமும் திருமந்திரமும் குமரகுருபரரின் சிதம்பர மும்மணிக்கோவையும்தான். அதை அவர் மறைக்கவும் இல்லை, பெயர் சொல்லியே எடுத்துக் காட்டுகிறார். 1918-ல் அதே தலைப்பில் நியூயார்க்கில் புத்தகம் வந்தது. அங்கிருந்து உலகம் சுற்றியது. வெயிட் தன் சீட்டுகளுக்கு விளக்கப் புத்தகம் போட்டது 1911. இரண்டு பேரும் ஒரே காலத்தில், ஒரே மொழியில், ஒரு உருவத்தின் கை கால் ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வெயிட் தன் பொருளுக்கு ஏற்றபடி படத்தையே மாற்றி வரைய வைக்க முடிந்தது. குமாரசுவாமியால் சிலையின் ஒரு விரலைக் கூட மாற்ற முடியாது. அதனால் அவர் பழைய தமிழ் நூல்களிடம் போக வேண்டியிருந்தது. இதுதான் அவருடைய பலம்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1975-ல் ஃபிரிட்ஜாஃப் காப்ரா இயற்பியலையும் கீழை மெய்ஞ்ஞானத்தையும் இணைத்து எழுதிய புத்தகத்தில் நடராஜர் அணுத் துகள்களின் நடனம் ஆனார். 2004 ஜூன் 18-ஆம் தேதி ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இந்திய அரசு கொடுத்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலை திறக்கப்பட்டது. பக்கத்துப் பலகையில் குமாரசுவாமி சொன்னதும் இருக்கிறது, காப்ரா சொன்னதும் இருக்கிறது. மனவாசகம் கடந்தார் பெயர்? இன்றைக்குச் செர்ன் நடராஜர் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பாத தமிழன் இல்லை. திருவதிகை வழியாகப் பலாப்பழம் வாங்கப் பண்ருட்டிக்குப் போகிறவர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? பமீலா கோல்மன் ஸ்மித்துக்கு நடந்ததை நினைத்தால், செய்தவர் பெயர் உதிர்ந்து போவது லண்டனிலும் நடக்கும், கெடிலக் கரையிலும் நடக்கும்.

பெயர் உதிர்ந்த இடத்தில் வேறு சரக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. "சிதம்பரம் கோயில் பூமியின் காந்தப் புலத்தின் மையப் புள்ளி, எட்டு வருஷம் ஆராய்ந்து வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்" என்கிற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். இது கூர் த ஜெபெலின் பாரிஸ் வீட்டில் செய்ததைத் தமிழில் செய்வது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963-ல் முதல் ராக்கெட் விட்டார்கள். சிதம்பரம் அதற்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. மேலும் அந்தக் கோடு வருஷத்துக்கு வருஷம் நகர்கிறது, கோட்டுக்கு "மையப் புள்ளி" என்றும் ஒன்று கிடையாது. இதே செய்தியில் வரும் இன்னொரு தகவல் மட்டும் பெரும்பாலும் சரி: சிதம்பரம், காஞ்சிபுரம், காளஹஸ்தி மூன்றும் ஏறத்தாழ 79 டிகிரி 41, 42 நிமிடத் தீர்க்கரேகையில் இருக்கின்றன. ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து. திருவண்ணாமலையும் திருவானைக்காவும் அந்தக் கோட்டில் இல்லையே. அதை மட்டும் செய்தி சொல்லாது.

கோயில் மரபு தானே சொல்லிக்கொள்கிற எண்களில் எவ்வளவு அழகு இருக்கிறது தெரியுமா? சிற்சபையின் பொற்கூரையில் 21,600 ஓடுகள், ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக்கள் என்பது மரபு. பெருக்கிப் பாருங்கள்: நிமிஷத்துக்குப் பதினைந்து, மணிக்குத் தொள்ளாயிரம், இருபத்து நாலு மணி நேரத்துக்குச் சரியாக 21,600. ஆணிகள் 72,000, உடம்பின் நாடிகள். கூரையைப் பார்த்தால் தன் மூச்சு ஞாபகம் வர வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பூமியின் காந்தம் எதற்கு? அந்தக் கூரைக்குக் கீழே, நடராஜருக்குப் பக்கத்தில், திரைக்குப் பின்னால் சிதம்பர ரகசியம். திரையை விலக்கினால் உருவம் எதுவும் இல்லை, தங்க வில்வ மாலைகள் தொங்கும் வெற்று இடம். பக்கத்தில் உலகத்திலேயே அதிகம் விளக்கம் சொல்லப்பட்ட உருவங்களில் ஒன்று. இந்தப் பக்கம் விளக்கம் ஒட்டிக்கொள்ள உருவமே இல்லாத இடம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களின் துணிச்சல் பெரிது.

சிதம்பரத்தில் படமும் எழுத்தும் சேர்ந்திருக்கிற இடம் இன்னொன்று உண்டு, அவசரமாகச் சாமி கும்பிடப் போகிறவர்கள் தவறவிடுவது. கோபுர வாசலுக்குள் நுழையும்போது இரு பக்கச் சுவரையும் பாருங்கள். நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்கள் சின்னச் சின்னச் சதுரங்களில், சீட்டுக்கட்டைப் பிரித்து மேலிருந்து கீழாக ஒட்டினாற்போல் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் கரணம் ஆடுவது சிவன், அதுவும் 81-ஓடு நின்றுபோனது. இங்கே ஆடுவது பெண்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பத்தோடு சேர்த்து அந்தந்தக் கரணத்தின் சுலோகத்தைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டில் நாட்டிய சாஸ்திரத்தின் அந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள இந்தச் சுவர் பெரிதும் உதவியது. பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கியது பக்கத்திலேயே இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான்.

அந்தச் சுலோகங்களில் என்ன எழுதியிருக்கிறது? கை எங்கே இருக்க வேண்டும், பாதம் எப்படித் திரும்ப வேண்டும், இடுப்பு எந்தப் பக்கம் வளைய வேண்டும். இது படைப்பு, இது அருள், இது ஆணவம் என்று எங்கேயும் இல்லை. ஆடத் தெரிந்தவள் படித்துவிட்டு ஆடலாம்.